வட்டியில்லாத் தவணையை வட்டிக் கடனாக்கலாமா?

“நாலைந்து இடங்களில் தவணை கட்டி ஏன் சிரமப்படுகிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே கடனாக்கிவிடுங்கள்; மாதம் ஒரே தவணை, அதுவும் இப்போது கட்டுவதில் பாதிகூட இல்லை!” கிரெடிட் கார்டு வைத்திருக்கும் சம்பளக்காரர்களுக்கு இப்படியொரு அழைப்பு வராத மாதம் அரிது. நாட்டில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024-ல் 10 கோடியைக் கடந்தது. கைபேசி, ஃபிரிட்ஜ், பிள்ளையின் மடிக்கணினி என்று வீட்டுக்கு வரும் பொருள்களில் பலவும் கார்டுத் தவணையில்தான் வருகின்றன. எனவே, இந்த அழைப்பைக் கொஞ்சம் கணக்குப்போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கார்டுக் கடனைத் தனிநபர் கடன் வாங்கி அடைப்பது பல நேரங்களில் நல்ல முடிவுதான். ஆனால், கார்டில் உள்ள கடன் முழுவதற்கும் அது பொருந்தாது. அந்தக் கடனில் ஒரு பகுதிக்கு வட்டி மிகமிக அதிகம். இன்னொரு பகுதிக்கு, இருக்கும் தவணைகளைக் கட்டி முடித்தால் போதும். வட்டி என்று தனியாக எதுவும் ஏறாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் புதிய கடனுக்குள் போடும்போது, முதல் பகுதியில் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கை இரண்டாம் பகுதியில் இழக்கிறோம். வங்கி சொல்லும் ‘ஒரே தவணை’யின் வசதி இந்த இழப்பைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

மூன்று விதமான ‘வட்டியில்லை’

கார்டு உலகில் ‘வட்டியில்லை’ என்ற வாக்குறுதி மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, பொருள் வாங்கிய நாளிலிருந்து பில் கட்டும் கெடுவரை கிடைக்கும் 45, 50 நாள் அவகாசம். இது உண்மையிலேயே வட்டியில்லாக் கடன். ஆனால், முந்தைய பில்லை முழுவதும் கட்டியவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. பழைய நிலுவையில் ஒரு பகுதியை மிச்சம் வைத்தால், புதிதாக வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும்.

இரண்டாவது, ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ எனப்படும் வட்டியில்லாத் தவணை. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது. அந்த வட்டி பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் வாடிக்கையாளரிடமே வசூலாகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளிப்படையாகவே சொன்னது. அதன் பிறகு ஏற்பாட்டின் உருவம் மாறியது. வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது. அந்த வட்டிக்கு இணையான தொகையை விற்பவரோ தயாரிப்பாளரோ விலையில் தள்ளுபடியாகத் தருகிறார். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளின்படி அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தவணையாக மாற்றும் முன்பே காட்ட வேண்டும். வட்டியுள்ள தவணையை வட்டியில்லாதது என்று விற்கக் கூடாது. வட்டியின் மீதான 18% ஜிஎஸ்டி மட்டும் பெரும்பாலும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

ஆக, வாங்கும்போது அது முழுக்க இலவசம் இல்லை. ரொக்கத் தள்ளுபடியை நாம் இழந்திருக்கலாம். ஆனால், வாங்கி முடித்தபின் நிலைமை வேறு. மீதி எட்டுத் தவணை இருந்தால் எட்டுத் தவணைதான். அந்தச் சிறு ஜிஎஸ்டியைத் தவிரக் கூடுதலாக எதுவும் இல்லை. கடனை எப்படி அடைப்பது என்று இன்று முடிவெடுப்பவருக்கு இதுதான் முக்கியம்.

மூன்றாவது, ஒரு கார்டின் நிலுவையை இன்னொரு கார்டுக்கு மாற்றினால் சில வாரங்களுக்கு வட்டியில்லை என்னும் சலுகை. 60 நாள் அவகாசத்துக்கு 2% கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 2.36% ஆகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 14%-க்கு மேல். அந்த இரண்டு மாதத்தில் முழுப் பணத்தையும் புரட்ட முடிந்தவருக்கே இது உதவும்.

நூற்றுக்கு நாலு ரூபாய் வட்டி

இப்போது கடனின் மறுபகுதி. பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், அந்த மீதிக்கு மாதம் 3.5% என்ற அளவில் வட்டி போடுவது பல வங்கிகளில் வழக்கம். கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மாதம் 4.13%. ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 50%. தெருவில் ஒருவர் இந்த வட்டிக்குப் பணம் கொடுத்தால் அதற்கு நாம் வைக்கும் பெயர் வேறு.

சட்டம் இதில் துணைக்கு வராது. கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30%-க்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்ய முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது, அதைத் தெரிவித்தால் போதும் என்பதே இன்றைய நிலை. அதனால், கணக்குப் போடும் வேலை முழுவதும் கார்டு வைத்திருப்பவரின் பொறுப்பாகிவிட்டது.

ஒரு கணக்கு

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ஒருவரது கார்டில் வட்டி ஏறும் நிலுவை 1,20,000 ரூபாய். அதே கார்டில் மாதம் 6,000 வீதம் இன்னும் 8 வட்டியில்லாத் தவணைகள், அதாவது 48,000 ரூபாய். மொத்தக் கடன் 1,68,000. புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

குறைந்தபட்சத் தொகை என்பது பல வங்கிகளில் நிலுவையில் 5%. அதோடு அந்த மாதத் தவணையும் முழுதாகச் சேரும். எனவே, இவர் கட்ட வேண்டியது 6,000 + 6,000 = 12,000. தவணைக்கான 6,000 அப்படியே கடனைக் குறைக்கிறது. மற்ற 6,000-ல் வட்டிக்கும் ஜிஎஸ்டிக்கும் 4,956 போய்விடுகிறது. 1,20,000-ல் குறைவது வெறும் 1,044 ரூபாய்தான். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது இதற்காகத்தான்.

இந்த 1,20,000-ஐ மட்டும் 15% வட்டியில் இரண்டு ஆண்டுத் தனிநபர் கடனாக மாற்றினால் மாதத் தவணை 5,818 ரூபாய். கார்டுக்குக் கட்டிவந்த குறைந்தபட்சத் தொகையைவிடக் குறைவு. ஆனால், 24 மாதத்தில் கடன் முடிந்துவிடும். மொத்த வட்டி 19,642 ரூபாய். கார்டில் நாலு மாதத்துக்கு ஆகும் வட்டி அது! தனிநபர் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2% பரிசீலனைக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் 2,832 ரூபாய். மொத்தச் செலவு 22,474. கடன் பெறும் தகுதி குறைவாக இருந்து 24% வட்டிக்குத்தான் கிடைக்கிறது என்றாலும், மாதத் தவணை 6,345. இரண்டு ஆண்டு வட்டி 32,000 சொச்சம். அப்போதும் கார்டைவிட இதுவே மேல்.

தவணை குறைந்தால் கடன் குறைந்ததா?

வங்கி தரும் திட்டம் இப்படி இருக்காது. மொத்தம் 1,68,000-க்கும் சேர்த்து அதே 15% வட்டியில் நான்கு ஆண்டுக் கடன். மாதத் தவணை 4,676 ரூபாய். 12,000 கட்டிவந்தவருக்கு இது பெரிய நிம்மதியாகத் தெரியும். ஆனால், நான்கு ஆண்டுகளில் அவர் கட்டும் வட்டி 56,400 ரூபாய்க்கு மேல். கட்டணத்தையும் சேர்த்தால் செலவு 60,000-ஐத் தாண்டுகிறது. பிரித்து அடைக்கும் வழியைவிட ஏறத்தாழ 37,900 ரூபாய் அதிகம்.

இந்தக் கூடுதல் தொகை எங்கிருந்து வந்தது? 20,600 ரூபாய்க்குச் சற்று மேல், 1,20,000-க்கான கெடுவை இரண்டு ஆண்டிலிருந்து நான்கு ஆண்டாக நீட்டியதால் வந்தது. கட்டணத்தில் கூடியது 1,100 சொச்சம். மீதி 16,122 ரூபாய், வட்டியே ஏறாமல் எட்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய 48,000-ஐப் புதிய கடனுக்குள் தள்ளியதால் வந்தது. 48,000 ரூபாய் 64,122 ரூபாய் ஆகிவிட்டது.

தவணைத் திட்டத்தை முன்கூட்டியே முடித்தால் அதிலிருக்கும் வட்டி கொஞ்சம் குறையுமே என்று கேட்கலாம். இந்த உதாரணத்தில் வங்கி உள்ளே வைத்திருப்பதும் 15% வட்டிதான் என்றால், எட்டு மாத வட்டி 2,600 ரூபாய் அளவுக்கு மிஞ்சும். வங்கி 3% முடிப்புக் கட்டணமும் ஜிஎஸ்டியும் வாங்கினால் அதில் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சும் சில நூறு ரூபாய்க்காக 16,000 ரூபாய் வட்டிச் சுமையை ஏற்பதில் பொருளில்லை.

எப்போது சேர்க்கலாம்?

‘கணக்கு சரி, கையில் காசு வேண்டுமே’ என்பது நியாயமான கேள்வி. வேலை போனவரிடமோ, வீட்டில் மருத்துவச் செலவு வந்தவரிடமோ மாதம் 11,818 ரூபாய் கட்டச் சொல்ல முடியாது. வட்டியில்லாத் தவணை கட்டத் தவறினால் அது வட்டியில்லாததாக நீடிக்காது. கட்டாத தவணைக்குக் கார்டு வட்டி, தாமதக் கட்டணம், கடன் தகவல் அறிக்கையில் கறை மூன்றும் வரும். அதற்குப் பதில் 15% வட்டி எவ்வளவோ மேல். தவணை தவறுவது உறுதி என்று தெரிந்தால் அதையும் புதிய கடனில் சேர்ப்பதுதான் சரி.

ஆனால், அந்த முடிவுக்கு வரும்முன் நடுவழி ஒன்றைப் பார்க்க வேண்டும். வட்டி ஏறும் 1,20,000-ஐ மட்டும் நான்கு ஆண்டுக் கடனாக வாங்கினால் தவணை 3,340. வட்டியில்லாத் தவணையோடு சேர்த்து முதல் எட்டு மாதம் 9,340. பிறகு 3,340 மட்டும். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் முதல் மாதத்திலிருந்தே 4,676. அதாவது, எட்டு மாதச் சிரமத்தைத் தவிர்க்க, அடுத்த நாற்பது மாதமும் மாதம் 1,336 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். அந்த எட்டு மாதத்தைத் தாண்ட முடியுமா என்பதுதான் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி. மூன்று ஆண்டுக் கெடு என்றால் 4,160 தவணை; எட்டு மாதம் மொத்தம் 10,160. இப்போது கட்டும் 12,000-ஐவிட அதுவும் குறைவுதான்.

பல தேதிகளில் பல தவணை கட்டுவதில் மறதி வரும், குழப்பம் வரும் என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால், சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்ய வைத்தால் அது தீரும். ஞாபக மறதிக்கு 16,000 ரூபாய் விலை அதிகம்.

கையில் கொஞ்சம் மொத்தப் பணம் வரும்போதும் இதே தவறு நடக்கிறது. தீபாவளி போனஸ் 20,000 வந்தால், ‘இன்னும் மூணு தவணைதானே, போனை முடிச்சுடலாம்’ என்று வட்டியில்லாத் தவணையை அடைப்பவர்கள் உண்டு. ஒரு கடன் ஒழிந்தது என்ற திருப்தி அதில் கிடைக்கும். அதே 20,000-ஐ வட்டி ஏறும் நிலுவையில் போட்டால் மாதம் 826 ரூபாய் மிச்சமாகும். ஆறேழு சதவீத வட்டிக்கு வங்கியில் வைப்புநிதி போட்டுவிட்டு, கார்டில் 50% வட்டி கட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

எந்தக் கடன்?

வட்டி ஏறும் பகுதியை மாற்றுவது என்று முடிவானால், எந்தக் கடனுக்கு மாற்றுவது என்பதிலும் கவனம் தேவை. நிலுவையை அதே கார்டிலேயே தவணையாக்கித் தருவதாக வங்கி சொல்லும். அது கார்டுச் சேவையின் கீழ் வருவதால் வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு. 15% என்று சொல்லப்படுவது உண்மையில் 17.7% ஆகும். ‘மாதம் ஒரு பர்சன்ட்தான் சார்’ என்று தொலைபேசியில் சொன்னால், அது குறையும் அசலுக்கா, முதலில் வாங்கிய முழு அசலுக்கா என்று கேட்க வேண்டும். முழு அசலுக்கு என்றால், இரண்டு ஆண்டுக் கடனில் அந்த ஒரு ரூபாய் வட்டி ஏறத்தாழ ஒன்று எண்பதுக்குச் சமம், ஆண்டுக்கு 21.6%.

நகைக் கடன் நம் குடும்பங்களுக்குப் பழகிய வழி. தனிநபர் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு, பணமும் அன்றைக்கே கிடைக்கும். ஆனால், மாதத் தவணை இல்லாமல் ஆண்டு முடிவில் மொத்தமாகத் திருப்பும் முறையில் வாங்கினால், அசல் அப்படியே நிற்கும். மாதாமாதம் கட்டும் ஒழுங்கு வராது. கார்டுக் கடனுக்கு ஈடு கிடையாது. நகைக் கடனுக்கு வீட்டு நகை ஈடு. முடிந்தால் மாதத் தவணையுடன் கூடிய நகைக் கடனாக வாங்குவது நல்லது. ஏலச் சீட்டை எடுத்து அடைப்பவர்கள், தள்ளிய தொகையை வட்டியாகக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

காலியான கார்டின் ஆபத்து

கடனை மாற்றியவர்கள் மறுபடி சிக்கிக்கொள்வது இன்னோர் இடத்தில். 1,20,000 அடைந்தவுடன் கார்டில் அதே அளவுக்கு வரம்பு காலியாகிறது. ஓராண்டில் அதுவும் நிரம்பினால், ஒரு பக்கம் தனிநபர் கடன் தவணை, மறுபக்கம் பழையபடி நாலு ரூபாய் வட்டி. கடனை மாற்றும் நாளிலேயே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுப்பதுதான் இதற்குத் தடுப்பு. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரம்பை உயர்த்தக் கூடாது என்பது விதி. வட்டியில்லாத் தவணைகளும் முடிந்து நிலுவை இல்லாத நிலையில் கார்டை மூடக் கேட்டால், ஏழு வேலைநாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். 2022 விதிகளில் வாடிக்கையாளருக்குக் கிடைத்த வலுவான உரிமைகளில் இதுவும் ஒன்று.

வங்கியிடம் கேட்க வேண்டியது

2024 அக்டோபரிலிருந்து, சில்லறைக் கடன் தரும் எந்த நிறுவனமும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைத் தந்தாக வேண்டும். வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அது புதிய கடனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பழைய கடனை அடைக்கவே புதிய கடன் வாங்குபவருக்குத் தேவையானது ஒப்பீடு. பழைய கடனை அப்படியே விட்டால் இன்னும் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும், புதிய கடனில் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும், அடைபடப்போகும் கடனில் வட்டியில்லாப் பகுதி எவ்வளவு என்ற மூன்று எண்களையும் ரூபாயில் காட்டச் சொல்வது ரிசர்வ் வங்கிக்குச் சிரமமான காரியம் அல்ல. கடன் தகவல் நிறுவனங்களிடம் இருக்கும் விவரங்களைப் பார்த்துத்தான் வங்கிகள் இந்த அழைப்பையே விடுக்கின்றன. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறவர்களால், அவருக்கான கணக்கையும் போட்டுத் தர முடியும். கடன் தொகையை வாடிக்கையாளர் கையில் தராமல் நேரடியாகக் கார்டுக் கணக்கில் செலுத்துவதையும், வரம்பைக் குறைக்கும் கோரிக்கையைக் கடன் விண்ணப்பத்திலேயே சேர்ப்பதையும் கட்டாயமாக்கலாம்.

முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களில், தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு மாறும் வட்டியில் வாங்கியவற்றை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் அறிவித்தது. தனிநபர் கடன்களில் பலவும் நிலையான வட்டியில் இருப்பதால் இந்தப் பாதுகாப்பு அவற்றுக்கு எட்டுவதில்லை. கார்டுக் கடனிலிருந்து மீள்வதற்காக வாங்கும் கடனுக்காவது இதை விரிவுபடுத்த வேண்டும். எட்டு மாதம் கழித்துக் கையில் மிஞ்சும் 6,000-ஐ அபராதமின்றிக் கடனில் போட முடிந்தால், நான்கு ஆண்டுக் கெடுகூடச் சீக்கிரமே முடியும்.

விதிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அழைப்பு வரும்போது, “என் வட்டியில்லாத் தவணைகளை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் இரண்டு ஆண்டுக் கடன் என்றால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாதத் தவணையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லி மொத்தத் தொகையைச் சொல்ல மறுத்தால், அந்தக் கடன் உங்களுக்குத் தேவையில்லை.